மயிலையில் மூன்று தலைமுறை

கும்பகோணத்தில் வாழ்கிறவர்களுக்குக் கோயில் என்பது பயணம் செய்து அடையும் இடமன்று. வாசலைத் தாண்டினாலே ஒரு கோபுரம் கண்ணில் படும். ஆயினும் எங்கள் இல்லத்தின் பிரார்த்தனை ஒன்று 38 ஆண்டுகளாகச் சென்னை மாநகரில் நிறைவேறாமல் காத்திருந்தது. நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய நாங்கள், திருமயிலை கற்பகாம்பிகையின் சந்நிதியில் நின்று வேண்டிய பின் பிறந்தவள் எங்கள் மகள். அம்பிகையின் திருநாமத்தையே அவளுக்குச் சூட்டினோம். அவளுக்கு ஒரு குழந்தை பிறந்ததும் மூன்று தலைமுறையாக வந்து பட்டுப்புடவை சாத்துவதாக என் இல்லாள் அப்போதே வேண்டிக்கொண்டாள்.

மகள் கடல் கடந்து வாழ்கிறாள். பேத்தி பிறந்து மூன்று வயதானபோது முதன்முறையாக ஊருக்கு அழைத்து வந்தாள். அப்போது பயணத் திட்டம் வகுத்தவன் நான். சென்னையில் எங்களுக்கு இருந்தது ஒரே பகல். அதற்குள் ஆறு கோயில்கள் என்று எழுதினேன். விடியலில் நகரின் வடகோடியான திருவொற்றியூர், பிறகு காளிகாம்பாள், திருவல்லிக்கேணி, மயிலை, திருவான்மியூர், நிறைவாகப் பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி என்பது கணக்கு. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. சாலை நெரிசலோ குழந்தையின் பசியோ இல்லாளின் முழங்கால் வலியோ அக்கணக்கில் இடம்பெறவில்லை. மயிலையை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியாகிவிட்டது. மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். அவர்களுக்கு அன்று மாலையே விமானம். சாத்திய கதவின் முன் புடவைப் பையை மார்போடு அணைத்தபடி நின்றாள் என் இல்லாள். என்னை அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்புடவை ஐந்தாண்டுகள் எங்கள் பீரோவில் கிடந்தது.

சென்ற மாதம் மகள் குடும்பத்தோடு மீண்டும் வந்தாள். விடுமுறையின் இறுதி இரு நாட்களைச் சென்னைக்கென ஒதுக்கியிருந்தாள். இப்போது என் இல்லாளால் ஒரு கையைப் பற்றாமல் படியேற இயலாது. அடுத்த வருகைக்குள் உடல்நிலை எப்படியிருக்குமோ என்ற எண்ணம் எங்கள் இருவருக்கும் இருந்தது, வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆகவே எத்தனை கோயில்கள் என்று தொடங்காமல், இவள் ஒரு நாளில் எத்தனை படிகள் ஏறுவாள் என்று தொடங்கினேன்.

அப்படித் தொடங்கியதும் மற்றவை தாமே அமைந்தன. சென்னையின் பெரும்பாலான ஆலயங்களில் நண்பகல் முதல் மாலை நான்கு வரை நடை சாத்தியிருக்கும். எனவே நாளொன்றுக்குத் தரிசன வேளை இரண்டுதான். ஒரு வேளைக்கு ஒரு கோயில் என்பதே முதியோருக்கு ஏற்றது. நண்பகல் உணவுக்கும் ஓய்வுக்கும் உரியது. எழும்பூர் அருங்காட்சியகத்தைக் காண மருமகன் விரும்பினார். அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆதலால் அதை வியாழனுக்கு வைத்தோம். பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி, திருமயிலை இரண்டிற்கும் நிலையங்கள் உண்டு. ஆயினும் அவற்றின் நடைமேடைகள் உயரத்தில் இருப்பதால் வாடகைக் காரையே தேர்ந்தோம். தங்குவதற்கு மயிலை மாட வீதியருகே அறை எடுத்தோம். புடவை சாத்தும் முறையையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்து வைத்தோம். பங்குனி அறுபத்துமூவர் விழா காணக் கண்கொள்ளாக் காட்சிதான். எனினும், நெடுநேரம் நிற்க இயலாதவர்கள் கூட்டம் குறைந்த நாளைத் தேர்வதே நலம்.

இரவு ரயிலில் புறப்பட்டு வியாழன் விடியலில் எழும்பூர் சேர்ந்தோம். அறைக்குச் சென்று இளைப்பாறிய பின் அருங்காட்சியகம். அங்கே வெண்கலச் சிற்பக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் நிற்கிறார். விளக்கில்லை, மலரில்லை, மணியோசையில்லை. என் இல்லாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். அதைக் கண்ட பேத்தியும் தன் காலணியைக் கழற்றினாள்.

மாலை திருவல்லிக்கேணி. பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் பாடிய தலம். மூலவர் வேங்கடகிருஷ்ணர் மீசையோடு, கையில் சங்கு ஏந்தி, ருக்மிணி, பலராமர், சாத்யகி, பிரத்யும்னர், அநிருத்தர் சூழக் குடும்பத்தோடு எழுந்தருளியிருக்கிறார். உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் பீஷ்மரின் அம்புகள் தைத்த தழும்புகள் உண்டு. “சாமிக்கு ஏன் தாத்தா காயம்?” என்றாள் பேத்தி. தேரோட்டுகிறவர் முன்னால் அமர்வார். பின்னால் இருப்பவருக்கு வரும் அம்புகளை அவரே ஏற்றுக்கொண்டார் என்றேன். அவள் தன் தந்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியே வந்தபோது மணி ஏழுதான். பழைய ஆசை என்னுள் தலைதூக்கியது. “காளிகாம்பாள் கோயில் இங்கிருந்து அதிக தூரமில்லை. சத்ரபதி சிவாஜி 1677-இல் வழிபட்ட சந்நிதி, பாரதியார் வணங்கிய அம்பிகை...” என்று தொடங்கினேன். இல்லாள் மறுப்புச் சொல்லவில்லை. காரின் கதவைப் பிடித்தபடி மெல்ல முழங்காலைத் தடவினாள். “அப்பா, நாளைக்கு அம்மா நடக்க வேண்டும்” என்றாள் மகள். அறைக்குத் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை கூட்டம் சேருமுன் விடியலிலேயே கபாலீசுவரர் கோயிலை அடைந்தோம். கடற்கரையில் இருந்த பழைய ஆலயம் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்த பின் இவ்விடத்தில் மீண்டும் எழுந்த கோயில் இது. இன்று நாம் காணும் கிழக்கு ராஜகோபுரம் 1906-இல் எழுந்தது. சுவாமி மேற்கு நோக்கியும் அம்பிகை தெற்கு நோக்கியும் அருள்கின்றனர். ஐந்தாண்டுகள் காத்திருந்த புடவையை என் இல்லாளும் மகளும் பேத்தியும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தட்டில் ஏந்திச் சென்றனர். திரை விலகி, தீபாராதனை ஒளியில் அப்புடவையோடு அம்பிகையைக் கண்டபோது என் இல்லாள் அழுதாள். மகளும் அழுதாள். நான் தூணருகே நகர்ந்து நின்றுகொண்டேன்.

அதன்பின் செல்ல வேண்டிய இடம் ஏதுமில்லை என்பதுதான் அத்திட்டத்தின் பெரும் பேறு. பிராகாரத்துப் புன்னை மரத்தருகே அமர்ந்தோம். அம்பிகை மயிலாக வந்து ஈசனைப் பூசித்த வரலாற்றையும், சாம்பலாகிவிட்ட பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி உயிர்ப்பித்த வரலாற்றையும் பாட்டி சொல்ல, பேத்தி கேட்டாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் அவற்றைத் தன் தந்தைக்கு அவளே திருப்பிச் சொன்னாள். பிழைகள் இருந்தன, எவரும் திருத்தவில்லை. வலம்வரும்போது பாட்டியின் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, ஓடுகிற வயதினள் அடிமேல் அடிவைத்து நடந்தாள்.

மாலையில் சற்று நேரம் கடற்கரை, இரவில் விமானம். ஆறில் இரண்டு கோயில்களே தரிசித்தோம். மற்ற நான்கின் பெயர்களையும் பேத்தி ஒரு தாளில் எழுதி வாங்கிப் பாட்டியிடம் கொடுத்து, “அடுத்த தடவைக்கு” என்றாள். ஊர் திரும்பியதும் என் இல்லாள் அத்தாளை, பீரோவில் புடவை இருந்த இடத்தில் வைத்தாள்.

பிள்ளைகளின் வருகைக்காகக் காத்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் கற்பகாம்பிகை துணை நிற்பாளாக.