மடையை ஒரேயடியா அடைக்கக் கூடாது

வாழை, நெல், ஆத்துத் தண்ணின்னு எழுதிட்டிருந்தவன் இன்னைக்கு ஒரு மாத்திரையைப் பத்தி எழுதுதேன். ரொம்ப நாள் யோசிச்சேன். ஊர்ல யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். அதனாலதான் எழுதணும்னு தோணிச்சு.

2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணி பொங்கினதை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. சேரன்மகாதேவிப் பக்கம் என் வாழை முழுக்கத் தண்ணிக்குள்ள நின்னு அழுகிப்போச்சு. கடன் மட்டும் மிச்சம். அதுக்கப்புறம் ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும். ஒரு நாள் மாரடைப்புன்னே நினைச்சு ஆட்டோ பிடிச்சு ஓடினோம். இ.சி.ஜி. நல்லாத்தான் இருந்துச்சு. பதற்றத்துக்குன்னு அல்பிரசோலம் எழுதிக் கொடுத்து, "மூணு வாரம் கழிச்சு வந்து பாருங்க"ன்னாங்க.

நான் போகலை. தூக்கம் வந்துச்சு, அது போதும்னு இருந்துட்டேன். பழைய சீட்டைக் காட்டியே ஒரு வருஷத்துக்கு மேல வாங்கிப் போட்டேன். இந்த மாத்திரை 2014-லிருந்து எச்1 பட்டியல்ல இருக்கு. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது, வித்ததைத் தனிப் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வைக்கணும். அட்டையிலயே சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கு. பூச்சிமருந்து டப்பாவுல இருக்கிறதை எழுத்து விடாம வாசிக்கிறவன், இதை வாசிக்கலை.

ஒரு நாள் சித்தப்பா அட்டையைப் பார்த்துட்டார். "ஏலே, இது பைத்தியக்காரன் திங்க மாத்திரைல்லா?" ரோஷம் வந்து அன்னைக்கே நிறுத்திட்டேன்.

முதல் ராத்திரி தூக்கமே இல்லை. ரெண்டாவது ராத்திரி டார்ச் லைட்டைப் பிடிக்க முடியாம கை நடுங்குச்சு. மோட்டார் ஓடுற சத்தம் காதைக் குத்துச்சு. வெள்ளத்தப்போகூட அப்படிப் பயந்ததில்லை. வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா. "ஏங்க, மாத்திரையை நிறுத்திட்டியளா?"

விடியக்காலை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநலப் பிரிவு வரிசையில பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் நின்னார். நான் துண்டைத் தலையில போட்டுக்கிட்டேன், அவர் சுவரைப் பார்த்துக்கிட்டார்.

டாக்டரம்மா திட்டலை. இந்த மாத்திரை மூளைக்கு ஒரு பிரேக் மாதிரியாம். ரொம்ப நாள் போட்டா, மூளை தன்னோட சொந்த பிரேக்கைத் தளர்த்திடுமாம். திடீர்னு நிறுத்தினா பிடிக்க ஒண்ணும் இருக்காது. வலிப்பு வர்ற அளவுக்கும் போகலாம்னாங்க. எனக்கு வாய்க்கால்தான் ஞாபகம் வந்துச்சு. தண்ணி முட்ட வரும்போது மடையை ஒரேயடியா அடைச்சா, தண்ணி எதிர்த்து ஏறி கரையை உடைச்சுட்டுப் போயிரும்லா?

முதல்ல பழைய அளவையே திரும்பக் கொடுத்து, உடம்பு நிதானப்பட்ட பிறகுதான் குறைக்க ஆரம்பிச்சாங்க. பொதுவா ரெண்டுலருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை, நூத்துல அஞ்சு பத்து பங்குன்னு குறைப்பாங்களாம். ஆளுக்கு ஆள் கணக்கு மாறும், அதனால இதைப் பார்த்து நீங்களா குறைச்சுடாதீங்க. சாராயம் தொடவே கூடாதுன்னு கண்டிப்பாச் சொன்னாங்க. பயம் வந்தா மெதுவா மூச்சு விடவும் பழக்கினாங்க. தண்ணி முறை எழுதுற நோட்டுலயே எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை மணிக்கு முழிச்சேன்னு குறிச்சேன்.

ஐப்பசியில மழை பிடிச்சதும் தூக்கம் மறுபடி கெட்டுச்சு. தோத்துட்டேன்னு நினைச்சுப் போனேன். "மழை முடியட்டும். அதுவரை இதே அளவுல நில்லுங்க, குறைக்க வேண்டாம்"னாங்க. நிக்கிறதும் வைத்தியம்தான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. பிசானம் அறுத்த பிறகு மறுபடி குறைக்க ஆரம்பிச்சோம்.

இப்போ ஆரம்பிச்சதுல கால்வாசிதான் போடுதேன். எப்ப முடியும்னு கேட்கிறதை விட்டுட்டேன்.

போன வாரம் சித்தப்பா தோட்டத்துக்கு வந்தார். வரப்புல உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துருதுல. அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாவ?"ன்னார். நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டுலயும் யாராவது இப்படி மாத்திரையோட இருந்தா, திட்டாதீங்க, பிடுங்கி எறியவும் செய்யாதீங்க. எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. யார்கிட்ட போகன்னு தெரியலைன்னா, டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். வலிப்பு, ரொம்ப நடுக்கம், புத்தித் தடுமாற்றம்னா போன் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான்.