உப்பும் உருக்கும்

கடல்நீரின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. கேட்பதற்குச் சிறிய தொகைதான். எனினும், உலோகத்தால் ஆன எப்பொருளையும் கடலோரத்தில் நெடுங்காலம் வாழவிடாதது இச்சிறு தொகையே. இவ்வுப்புக்களின் குளோரைட்டு, அலுமினியத்தின் மீதும் கறையில் உருக்கின் மீதும் இயல்பாகவே படிந்து அவற்றைக் காத்து நிற்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடுகின்றது. வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டவாறு உப்புநீரில் நனையுமாயின் அவ்விடத்தில் ஒரு மின்கலமே தோன்றிவிடும். உருக்குத் திருகாணி பிழைத்துக்கொள்ள, அதனைத் தாங்கி நிற்கும் அலுமினியம் கரையும். கடற்கரையில் வாழ்வோர் இவ்வுண்மையை இரசாயனவியல் வகுப்பிற் கற்பதில்லை. கதவுப் பிணைச்சலிலும் துவிச்சக்கரவண்டிச் சங்கிலியிலுமே அவர்கள் அதனைக் கற்கின்றனர்.

பருத்தித்துறையில், கடலுக்கு ஒரு கூப்பிடு தொலைவிலுள்ள வீடொன்றில், ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மகன் தன் தந்தையின் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தான். உள்ளே கடல்மீன்பிடிக்கான புதிய றீல் ஒன்று இருந்தது. அவனது இரண்டு கிழமைச் சம்பளம் அதற்குச் செலவாகியிருந்தது. தந்தைக்கு வயது 68. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கூசியை வெறுங்கையாற் பிடித்து அறக்குளாவையும் பாரையையும் இழுத்தவர். வலது சுட்டுவிரலின் உட்புறத்தில் தங்கூசி அறுத்த தழும்புகள் ஒன்றன்மேலொன்றாய் ஏறி, அவ்விடம் தோலென்று சொல்ல முடியாதபடி தடித்திருந்தது.

அன்பளிப்பு எனினும் அதனுள் ஓர் ஒப்பந்தம் மறைந்திருந்தது. முந்திய ஆண்டு கார்த்திகை மாதத்தில், படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோக, விடியும்வரை வாடைக்காற்றில் அலைந்து வேறொரு படகினராற் கரைசேர்க்கப்பட்டவர் அவர். அச்செய்தி கடல்கடந்து மகனின் தொலைபேசிக்கு எட்டியபோது அங்கே பகல். அவன் வேலைத்தளத்தில் நின்றான். அன்று தொடங்கிய வேண்டுகோளின் இறுதி வடிவமே இந்த றீல். கம்பும் றீலும் இருந்தால் கரையில் நின்றே மீன்பிடிக்கலாம். இரவிற் கடலுக்குப் போகவேண்டியதில்லை. இதனை அவன் வெளிப்படையாகச் சொல்லவில்லை. தந்தையும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தவர் றீலின் கைபிடியை மூன்று முறை சுழற்றினார். காதோடு வைத்துக் கேட்டார். பின்னர் எழுந்து சென்று திருப்புளியை எடுத்து வந்தார்.

"இதென்னப்பா, புதுச் சாமானை ஏன் கழட்டுறியள்? உத்தரவாதம் போயிடும்" என்றான் மகன்.

"உத்தரவாதம் தந்தவன் இஞ்ச வந்தே உப்புத் துடைக்கப் போறான்?" என்றார் தந்தை.

"அவன் ஆசையா வாங்கிக்கொண்டு வந்தது. நாலு நாள் வச்சுப் பார்த்திட்டுக் கழட்டினா என்ன?" என்று அடுப்படியிலிருந்து தாயின் குரல் வந்தது. அவருடைய கவலை றீலைப் பற்றியதன்று.

புதுப்பொருளைப் பிரித்துப் பார்ப்பது ஐயத்தின் விளைவு என்பர் சிலர். இவரைப் பொறுத்தவரை அக்கூற்றுப் பொருந்தாது. 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலவிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாகின. ஒரு துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய எஞ்சின்களைக் காப்பாற்றியவர்களுள் அவரும் ஒருவர். ஒரு பொருள் பழுதடைந்தபின் அதனைத் திறப்பது காலங்கடந்த செயல் என்பதை அவ்வாண்டுகள் அவருக்குக் கற்பித்திருந்தன. உயிரை நம்பி ஒப்படைக்கும் எதனையும் அவர் உள்ளே பார்த்தே ஏற்றுக்கொண்டார்.

பழைய சாரமொன்று திண்ணையில் விரிக்கப்பட்டது. கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக அதன்மீது அடுக்கினார். மகனோ ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியிற் படம்பிடித்தான். இரண்டுமே நல்ல முறைகள். சாரத்துக்கு மின்னேற்றம் தேவையில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இவ்வகை றீலின் அமைப்பு வியப்புக்குரியது. நூல் சுற்றிய உருளை சுழலாது நிற்க, அதனைச் சுற்றிவரும் கம்பி வளையமே நூலைச் சேர்க்கின்றது. நிலையான உருளையின் விளிம்பினால் நூலை வழுவவிடும் இவ்வெண்ணத்தை 1905இற் காப்புரிமையாகப் பதிவுசெய்த இல்லிங்வேத், இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரைச் சேர்ந்த நெசவாலைக்காரர். ஆலையில் நூற்கதிர்களிலிருந்து நூல் கழலும் விதமே அவருக்கு வழிகாட்டியது என்பர். கடலோடு தொடர்பற்ற ஒருவர் நூலைக் கண்டு அறிந்ததை, நூலைக் கைவிரலால் அறிந்த ஒருவர் பருத்தித்துறைத் திண்ணையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்.

பக்கமூடியின் திருகாணிகள் நான்கும் எளிதிற் கழன்றன. அவற்றைத் தடவிப்பார்த்து, "வறட்சி" என்றார். ஒரு சொல்தான். ஆனால் அதன் பொருள் பெரிது. கிறீஸ் இடப்படாத உருக்குத் திருகாணி அலுமினிய உடலில் இறுகி, ஓரிரு ஆண்டுகளில் அதனோடு ஒன்றிவிடும். பின்னர் திருப்பினால் தலை மட்டுமே கையில் வரும். உள்ளே பெரிய பற்சில்லின் ஒரு பக்கத்தில் கிறீஸ் கட்டியாய்க் கிடந்தது. மறுபக்கத்திற் படலமாகக்கூட இல்லை. கைபிடியின் ஒரு சுற்றுக்கு ஐந்து சுற்று வளையத்தைச் சுழற்றும் சிறிய பித்தளைப் பற்சில்லின் அடியில், மயிரிழையிலும் சற்றே தடித்த உலோகச் சீவல் ஒன்று சுருண்டு கிடந்தது. அதனை நகநுனியில் எடுத்து மகனிடம் நீட்டினார். மகன் ஒன்றும் பேசவில்லை. ரொறன்ரோவில் இயந்திரப் பட்டறையொன்றிற் பணியாற்றும் அவனுக்கு, அச்சீவல் கிறீஸோடு கலந்து பற்களுக்கிடையே புகுந்தால் நேர்வதை எவரும் விளக்கவேண்டியதில்லை.

அதன்பின் அவன் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் தந்தையின் எதிரே சம்மணமிட்டு அமர்ந்தான்.

தங்கூசி திரும்பும் மூலையிலுள்ள சிற்றுருளையைத் தந்தை முதலிற் கேட்டு வாங்கினார். ஈரத்தங்கூசி சுமந்துவரும் உப்பு முழுவதும் ஓடிச்சேரும் இடம் அதுவே. உள்ளிருந்த பெயறிங்கும் எண்ணெய் காணாதது. எஞ்சினின் விசிறித்தண்டுக்கு இடும் கடற்பாவனைக் கிறீஸை அதன் இருபுறமும் தடவினார்; பற்களிலும் திருகாணிகளிலும் தடவினார். அதே விரலோடு, கைபிடி பின்னோக்கிச் சுழலாது தடுக்கும் உறுப்பை அவர் அணுகியபோது மகன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அதுக்கு வேண்டாமப்பா. உள்ளுக்குச் சின்ன உருளையள் இருக்கு. அதுகள் ஆப்பு மாதிரி இறுகித்தான் சுத்தை நிப்பாட்டுது. தடிச்ச கிறீஸ் பூசினா அதுகள் அசையாது. மீன் இழுக்கேக்க கைபிடி பின்னால அடிக்கும். மெல்லிய எண்ணெய் ஒரு துளி காணும்."

தந்தை அவ்வுறுப்பை வெளிச்சத்திற் பிடித்து, உருளைகளையும் மயிர்போன்ற விற்சுருள்களையும் நெடுநேரம் பார்த்தார். பின்னர் விரலைச் சாரத்திற் துடைத்துவிட்டு, "தையல் மிசின் எண்ணெய் கிடக்கு, எடுத்துக்கொண்டு வா மோனை" என்றார். மகன் பிறந்ததிலிருந்து கருவி தொடர்பான ஒன்றில் தந்தை அவனிடம் கேட்டுக்கொண்ட முதற் பாடம் அதுவாக இருக்கலாம். தாய் எண்ணெய்க் குப்பியை ஏற்கனவே எடுத்து வந்துவிட்டார்.

இழுவைத் தடையின் தட்டுகளில் மட்டும் இருவரும் உடன்படவில்லை. உருக்குத் தட்டும் காபன் இழைத் தட்டும் மாறிமாறி அடுக்கப்பட்டிருந்தன. உலர்ந்த தட்டு நனைந்தாற் பிடித்துப் பிடித்து விடும் என்பது தந்தையின் வாதம். கைவசமுள்ள கிறீஸ் அதற்கு உரியதன்று, காபன் உலர்வாகவும் வேலை செய்யும் என்பது மகனின் வாதம். உரிய கிறீஸ் அனுப்பப்படும்வரை உலர்வாகவே விடுவது என முடிவாயிற்று. சாரம் வெறுமையாகும்வரை உறுப்புக்கள் வலமிருந்து இடமாகத் திரும்பிச் சென்றன.

மாலையில் 20 இறாத்தல் தாங்கும் தங்கூசியைச் சுற்றி, கம்பிற் பூட்டி, முற்றத்துத் தேசிமரத்தில் பழைய விற்றராசு ஒன்றைக் கட்டினர். தடையை அறும் வலுவின் மூன்றிலொரு பங்குக்கு அமைக்கவேண்டும் என்று மகன் கணக்கிட்டு, ஏழு இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு என்றான். தந்தை கம்பை அவனிடம் கொடுத்துவிட்டு, தங்கூசியைத் தழும்பேறிய விரலிற் கோத்து இழுத்தார். றீல் மெல்லக் கிறீச்சிட்டது.

"எட்டு நிக்குது. கொஞ்சம் இளக்கு."

தராசிற் கொளுவி இழுத்தபோது முள் எட்டிலே நின்றது. மகன் குமிழை இளக்கினான். அவர் மீண்டும் இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

"வாடை முடியுமட்டும் கரையில நிண்டு பாப்பம்" என்றார் தங்கூசியை விடாமலே. "சோளகத்தில நான் கடலுக்குப் போவன். அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்."

மகன் அதற்கு மறுமொழி கூறவில்லை. இருள்வதற்கிடையில் ஒருமுறை வீசிப் பார்க்கலாமென்று இருவரும் இறால் வாங்கப் புறப்பட்டனர்.