தப்பான கணக்குக்கு நூறு கோடி

மொத்தம் 54 பக்கம். பூராவும் கணக்கு. நடுநடுவே தப்பு, அடித்தல், திருத்தல். 2021 நவம்பர்ல பாரிஸ் ஏலத்துல இது 1 கோடியே 16 லட்சம் யூரோவுக்குப் போச்சுங்க. நம்ம காசுல கிட்டத்தட்ட நூறு கோடி! ஏலக்காரங்க எதிர்பார்த்ததே 20, 30 லட்சம் யூரோதான்.

எழுதினவங்க ஐன்ஸ்டீனும் அவர் நண்பர் மிஷேல் பெஸ்ஸோவும். புதன் கிரகத்தோட சுற்றுப்பாதை கொஞ்சம் கொஞ்சமா நகருது இல்லையா, அதுல நியூட்டன் கணக்குக்கு அடங்காம ஒரு சின்ன மிச்சம் நிக்கும். நூறு வருஷத்துக்கு 43 விகலை. 1913-14ல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தும் 18தான் வந்தது. 1915ல சமன்பாட்டையே மாத்தின பிறகுதான் ஐன்ஸ்டீனுக்கு 43 கிடைச்சது.

அப்புறம் எதுக்கு இந்தத் தாளுக்கு இவ்வளவு விலைன்னு கேட்கலாம். அச்சுல வர்ற கட்டுரையில விடை மட்டும்தான் இருக்கும். மனுஷன் எங்கே முட்டிக்கிட்டார், எங்கே திரும்பினார்ங்கறது கையெழுத்துப் பிரதியிலதான் தெரியும். ஐன்ஸ்டீன் இந்த மாதிரி தாளையெல்லாம் சேர்த்து வைக்கிற ஆள் இல்லை. இது தப்பிச்சது பெஸ்ஸோ பத்திரமா வெச்சிருந்ததால.

டாக்காவுல இருந்து சத்யேந்திரநாத் போஸ் 1924ல அனுப்பின கட்டுரையைப் படிச்சுட்டு, அதைத் தொடர்ந்து ஐன்ஸ்டீன் எழுதின 16 பக்கக் கையெழுத்துப் பிரதி ஒண்ணு 2005ல கிடைச்சது. லைடன் பல்கலைக்கழகத்துல பழைய காகிதங்களைப் புரட்டிக்கிட்டிருந்த ஒரு மாணவர் கையில!

நம்ம பக்கத்து ஊர் ஈரோட்டுல பிறந்தவர் கதை இன்னும் பதற வைக்கும். ராமானுஜன் கணக்குக்காரர்தான். ஆனா கடைசி வருஷத்துல அவர் எழுதின மாக் தீட்டா சார்புகள் இன்னைக்குக் கருந்துளை ஆராய்ச்சி வரைக்கும் வந்து நிக்குது. அந்தத் தாள்கள் 1965ல வாட்சன்ங்கற பேராசிரியர் இறந்தப்போ அவர் வீட்டுத் தரையில கிடந்த குப்பைக்குள்ள இருந்தது. இன்னும் சில நாள்ல எரிச்சிருப்பாங்க. பார்க்கப் போன விட்டேக்கர் எடுத்து வெச்சார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய், 1976ல ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணுல பட்டுச்சு. அறுநூறுக்கும் மேல சூத்திரம்!

இங்கே முதலிபாளையத்துல கட்டிங் வேஸ்ட்டுக்கும் கிலோ விலை உண்டு. பழைய நோட்டுக்கும் அதே தராசுதான். என் மாமா டையிங் மாஸ்டரா இருந்தவர். எந்த ஷேடுக்கு எத்தனை பர்சென்ட் சாயம், எவ்வளவு உப்பு, எவ்வளவு சோடான்னு நாலு நோட்டு நிறைய எழுதி வெச்சிருக்கார். சரியா வராத லாட்டுக்குப் பக்கத்துல சிவப்பு மையில காரணமும் இருக்கும். அவர் போன பிறகு அத்தை அதைப் பேப்பர் கடைக்குக் கட்டி வெச்சிருந்தாங்க.

"நான் எடுத்துக்கட்டுங்களா அத்தை?"

"அதுல கெட்டுப்போனதுதான் சாமி நிறைய எழுதியிருக்கார். உனக்கெதுக்கு?"

"அதுக்குத்தானுங்க அத்தை."

பாரிஸ்ல யாரும் ஏலம் கேட்க மாட்டாங்கன்னு தெரியும் :) ஆனா ஒரு ஷேடு எதனால கெட்டுச்சுன்னு எந்தப் புத்தகத்துலயும் மாமா மாதிரி யாரும் எழுதலைங்க. உங்க வீட்டுப் பரண்ல ஏதாவது கையெழுத்து நோட்டு கிடந்தா, தராசுல போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க.