மெல்லிசாக வெட்டு

எலும்பு பயாப்ஸி வந்தால் ஃபார்மலின் டப்பாவைத் திறந்து, துண்டை விரலால் நெருடிப் பார்ப்பேன். ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா என்றால் அநேகமாகக் கையே சொல்லிவிடும். வெளுத்த சாம்பல் நிறத் திசு அழுத்தினால் அமுங்கும். பிளேடு ஓடும்போது மணலில் இழுத்தமாதிரி நறநறக்கும். நாருக்குள் பொடிப்பொடியாக முளைத்த எலும்பின் நறநறப்பு அது. ஜிஎன்ஏஎஸ் என்ற ஜீனில் கருத்தரித்த பிறகு நேரும் மாற்றத்தால், முதிர்ந்த எலும்பு இருக்க வேண்டிய இடத்தை நார்த்திசு பிடித்துக்கொள்கிறது. பெற்றோர் வழியாக வரும் நோயல்ல.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது டீகால் பற்றி, அதாவது எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்குவது பற்றி. ரிப்போர்ட் எப்போது என்று வார்டிலிருந்து போன் வந்தபடி இருக்கும். உடனே சிலர் நைட்ரிக் ஆசிடை எடுப்பார்கள், சூடுகூடக் காட்டுவார்கள். எனக்குத் தொழில் கற்றுத்தந்த அக்கா அப்போதெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, சீக்கிரம் வேணும்னா மெல்லிசா வெட்டு. ஆசிடை ஏத்தாதே."

அவர் வெட்டும் துண்டு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. ஃபார்மலினில் முழுசாக ஊறாத எலும்பை ஆசிடில் போடவே விடமாட்டார். ஃபார்மிக் ஆசிடைத் துண்டின் அளவுக்கு இருபது மடங்கு ஊற்றி, துண்டைத் துணியில் கட்டி நடுவில் தொங்கவிடுவார்; இறங்கும் கால்சியம் அடியில் போய்விடும். ஊசியால் குத்திப் பார்ப்பது அவருக்கு அறவே பிடிக்காது, குத்திய துளை ஸ்லைடில் அப்படியே தெரியும். கால்சியம் இறங்கிவிட்டதா என்று ஆசிடைத்தான் கேட்க வேண்டும். ஊறிய ஆசிடில் கொஞ்சம் எடுத்து, அம்மோனியா விட்டு, அம்மோனியம் ஆக்சலேட் சேர்த்துப் பாருங்கள். கலங்கினால் இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். ஆசிடை மாற்றிவிட்டுக் காத்திருங்கள்.

இவ்வளவு பொறுமை எதற்கு? டாக்டர் மைக்ராஸ்கோப்பில் தேடுவது, வளைந்து நெளிந்த அந்தக் குட்டி எலும்புகளின் ஓரத்தை. ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவில் ஓரம் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். ஆஸ்டியோஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா என்ற வேறொரு நோயிலோ ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும். ஆசிட் அதிகமானால் நியூக்ளியஸ் ஹெமடாக்ஸிலினைப் பிடிக்காது. ஈயோசினின் சிவப்பு மட்டும் எங்கும் அப்பிக்கொள்ளும். நிற்கிற வரிசைகூடச் சரியாகக் கண்ணில் படாது. அப்படிப்பட்ட ஸ்லைடில் ஓரம் மொட்டையாகத் தெரிந்தால் அதை எப்படி நம்புவது?

டீகால் முடிந்து மெழுகில் பதித்த பிளாக்கை ஐஸில் வைத்து, மைக்ரோடோம் சக்கரத்தை நிதானமாகச் சுற்றுங்கள். கத்தி கிறீச்சிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். பிளாக்கின் முகத்தைச் சற்று நேரம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் கவிழ்த்து வைத்து, கழுவிவிட்டு மறுபடி வெட்டுங்கள். மேலே வரும் சில செக்‌ஷன்கள்தான் நன்றாக வரும், அவற்றை வீணாக்காதீர்கள். கோட்டிங் போட்ட ஸ்லைடில் எடுங்கள். சாதா ஸ்லைடில் எலும்பு ஸ்டெயினிங்கின்போது கழன்று மிதக்கும்.

இன்னொன்று. ஜீன் டெஸ்ட் கேட்பார்கள் என்று தோன்றினால், தொடக்கத்திலேயே ஒரு துண்டைப் பிரித்து இடிடிஏ கரைசலில் போட்டு லேபிள் ஒட்டுங்கள். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், வாரக்கணக்கில்கூட ஆகலாம். ஆனால் டிஎன்ஏ தப்பும். கடும் ஆசிடில் ஊறிய துண்டை அந்த டெஸ்டுக்கு அனுப்பிப் பெரும்பாலும் பயனில்லை.