மலைக்கு மட்டுந்தான் படமா?

நண்பர்கள் பலரும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசியே துல்லியமாகப் படமெடுத்துத் தரும் இக்காலத்தில், இரண்டே முக்கால் கிலோ காமிராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பழனி மலைத்தொடரில் ஏறி இறங்குவானேன் என்பதே அது. ஏதோ பழமைப் பித்து என்று இதுவரை சிரித்து மழுப்பி வந்தோம். இங்கே சற்று நேர்மையாக விடை சொல்ல முயல்கிறோம். அவ்விடை முழுவதும் நமக்குப் பெருமை தருவதன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நம்மிடமுள்ளது மாமியா ஆர்பி 67. ஜப்பானிய நிறுவனமான மாமியா 1970இல் அறிமுகப்படுத்திய வரிசையைச் சேர்ந்தது. உள்ளே மின்கலம் கிடையாது; பற்சக்கரமும் சுருள்வில்லும் நெம்புகோலும் மட்டுமே. 120 வகை ஃபிலிம் சுருள் ஒன்றில், 6க்கு 7 சென்டிமீட்டர் அளவில், பத்தே படங்கள். நெகட்டிவின் பரப்பு 35 மில்லிமீட்டர் ஃபிலிமைக் காட்டிலும் ஏறத்தாழ நாலரை மடங்கு. ஸ்டுடியோவை மூடிக்கொண்டிருந்த மதுரைப் பெரியவர் ஒருவரிடமிருந்து இதை வாங்கினோம். உதகையில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமில் தொழில் பழகியவர் அவர். அந்த ஆலையும் பிற்பாடு மூடப்பட்டுவிட்டது. காமிராவைத் துணியால் துடைத்து நம் கையில் கொடுக்கும்போது, “சார், இத வச்சுக்கிட்டு அவசரப்பட முடியாது. அவசரப்பட்டா ஒண்ணுமே விழாது” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் முதல் நாளே விளங்கிற்று. இக்கருவியைக் கண்ணருகே தூக்கிப் பார்ப்பதில்லை. முக்காலியில் பொருத்தி, மேலே திறந்திருக்கும் கூண்டுக்குள் தலை குனிந்து பார்க்க வேண்டும். தேய்த்த கண்ணாடிப் பரப்பில் மலை நேராகத் தெரியும், ஆனால் இடவலம் மாறித் தெரியும். இடப்பக்கம் நகரும் மேகம் கண்ணாடியில் வலப்பக்கம் நகரும். பக்கவாட்டுக் குமிழைத் திருகினால் துருத்தி நீண்டு குவியம் கூடும். துருத்தி நீள நீள ஃபிலிமைச் சேரும் ஒளி குறையுமாதலால், அதற்கு எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதைப் பக்கத்திலிருக்கும் அளவுக் கோட்டைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். ஒளியை வேறொரு கருவியால் அளக்க வேண்டும். நாம் அதற்குக் கைப்பேசியைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதை மறைப்பானேன்? ஷட்டரை ஏற்ற ஒரு நெம்புகோல், ஃபிலிமை நகர்த்த இன்னொன்று. ஃபிலிமுக்கு முன்னாலுள்ள தகட்டை உருவியாக வேண்டும். இவ்வளவும் முடிவதற்குள் பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள்மேல் விழுந்திருந்த வெயில் பாதி நகர்ந்துவிடும்.

ஆகவே, வெயிலைத் துரத்துவதை விட்டுவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினோம். வகுப்பறையில் பல்லாண்டுகளாக நாம் நடத்திவரும் பாடம் ஒன்று அப்போதுதான் நமக்கே புரிந்தது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறோம். நிலம் எங்கும் போகாது. பொழுதைத்தான் பார்த்து நிற்க வேண்டும் என்பதைக் கொடைக்கானல் தூண் பாறைக்கு எதிரே இரண்டு மணி நேரம் நின்ற ஒரு காலையில் கற்றோம். மூடுபனி முழுவதுமாக மறைத்திருந்தது. வேன்களில் வந்தவர்கள் வெண்மையைப் பார்த்துவிட்டு, சோளம் தின்றுவிட்டுப் போனார்கள். நாமும் ஒரு படங்கூட எடுக்காமலேயே திரும்பினோம். எனினும் அந்த இரண்டு மணி நேரத்தில் பனி எந்தப் பள்ளத்திலிருந்து ஏறுகிறது, எந்தப் பாறையிடுக்கில் முதலில் கிழிகிறது என்பதெல்லாம் மனத்தில் பதிந்துவிட்டது. சுமையின் கவர்ச்சி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வோம். படம் எடுக்காமல் திரும்புவதையும் இக்கருவி ஒரு வேலையாக்கிவிடுகிறது.

இம்மலையில் இவ்வாறு காத்திருந்தவர்களில் நாம் முதல்வருமல்லர். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்கப்படுகிறது. 1904 முதல் இங்கே சூரியனை நாள்தோறும் படமெடுத்து வந்திருக்கிறார்கள். கால்சியத்தின் ஊதா ஒளியில் எடுக்கப்பட்ட படங்களின் வரிசை மட்டுமே 2007 வரை நீள்கிறது. கண்ணாடித் தகடுகளிலும் பின்னர் ஃபிலிமிலும் சேர்ந்த அந்தப் பதிவுகள் இப்போது கணினிக்கு மாற்றப்பட்டு, சூரியனின் நூற்றாண்டு கால மாற்றங்களை ஆராய்வோருக்குப் பயன்படுகின்றன. மேகம் மூடிய நாளுக்கு மட்டும் படம் இல்லை. அந்த நாள் வரிசையில் வெற்றிடமாகவே நிற்கும். எவ்வளவு திறமையானவராலும் அதைப் பின்னால் நிரப்ப முடியாது.

அத்தகைய வெற்றிடம் ஒன்று நம்மிடமும் உண்டு.

2018இல் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 1994இல் அப்பாவின் வேலை காரணமாகவும், 2006இல் தங்கையின் பிரசவம் காரணமாகவும் அம்மாவுக்கு மலையேற வாய்க்கவில்லை. அவருக்கு அப்போது எழுபது வயது. “இந்தத் தடவ விட்டா அடுத்தது எண்பத்திரண்டுலய்யா” என்று கணக்குச் சொல்லிவிட்டு, தங்கையின் மகனையும் கூட்டிக்கொண்டு நம்மோடு வந்தார். 2006இன் குறிஞ்சி ஆண்டில் பிறந்த பிள்ளை அவன். அவனுக்கும் அதுதான் முதல் பூ.

நம் பையில் இரண்டு சுருள்கள் இருந்தன. ஆக மொத்தம் இருபது படங்கள். அம்மா சரிவின் ஓரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, நாம் முக்காலி நாட்டுவதையும் தலை கவிழ்வதையும் நிமிர்ந்து வானம் பார்ப்பதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். “நீலப் பூவப் போய்க் கறுப்பு வெள்ளையில எடுக்குறியே” என்றார் ஒருமுறை. சிரித்தோம். பிறகு சற்று நேரம் கழித்து, “என்னய்யா, மலைக்கு மட்டுந்தான் படமா?” என்றார். வெளிச்சம் கூடி வரட்டும் அம்மா, கடைசியில் எடுக்கிறோம் என்றோம். பொய் சொல்லவில்லை. சிக்கனமாகச் செலவழிக்கப் பழகிய கை, ஒவ்வொரு படத்தையும் பூவுக்கும் பனிக்கும் மலைமுகட்டுக்கும் எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அம்மா எங்கே போய்விடப்போகிறார் என்ற நினைப்புத்தான்.

மாலையில் பனி கவிந்தது. கடைசிப் படம் மிஞ்சியிருந்தது. ஒரு புதர்மேல் மட்டும் வெளிச்சம் தங்கியிருக்கவே, அதற்கு அரை விநாடி கணக்கிட்டு ஷட்டரை அழுத்தினோம். அழுத்தியதும் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே போய்ப் பார்வையை மறைத்துவிடும். மறுபடி நெம்புகோலை இழுக்கும்வரை குனிந்து பார்ப்பவருக்கு இருட்டுத்தான். நிமிர்ந்தபோது அம்மா புதரருகே நின்று பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “முடிஞ்சுதா?” என்றார். ஃபிலிம் முடிந்துவிட்டது என்றோம். “சரி, அடுத்த தடவ” என்றார்.

2020இல் அம்மா மறைந்தார். கூடத்தில் மாட்டுவதற்குப் படம் தேடினபோது, கொடைக்கானல் சுருள்கள் இரண்டையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். பத்தொன்பது படங்கள் குறையில்லாதவை. குறிஞ்சியின் ஒவ்வொரு நரம்பும் எண்ணிவிடக்கூடிய தெளிவு. இருபதாவதில் ஓரத்திலிருந்து ஒரு புடவைத் தலைப்பும் பூவை நோக்கி நீண்ட கையும் கலங்கலாக நுழைந்திருந்தன. முகம் சட்டத்துக்கு வெளியே இருந்தது. கூடத்தில் இன்று மாலையோடு தொங்குவது, அதே நாளில் தங்கை மகன் தன் தாயின் கைப்பேசியில் போகிறபோக்கில் எடுத்த படம். அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். “மாமா, நான் சும்மாதான் எடுத்தேன்” என்றான் அவன், ஏதோ தவறு செய்தவனைப் போல.

அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக மாமியாவைத் தொடவில்லை. அதன் எடையே குற்றமாகத் தோன்றிற்று. ஆனால் கருவியின்மேல் பழி சுமத்துவது சரியன்று. எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதை அது நமக்குக் கற்றுக்கொடுத்தது உண்மை. எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதைக் கருவி கற்றுத்தராது. அது நாமே அறிந்திருக்க வேண்டியது. மலையின் பொழுது திரும்பி வரும். கூதிர் வரும், முன்பனி வரும், குறிஞ்சிகூட மறுபடி பூக்கும். எழுபது வயது அம்மா கல்லின்மேல் உட்கார்ந்து கேலி பேசும் பொழுது அந்தக் கணக்கில் வராது.

இப்போது மறுபடியும் சுமக்கிறோம். அந்த இருபதாவது நெகட்டிவைக் கழுவிய டப்பாவிலேயே மற்றச் சுருள்களையும் கழுவுகிறோம். சமவெளியின் வெக்கையில் மருந்தை 20 டிகிரிக்குக் கொண்டுவரப் பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி போடுகிறோம். பழக்கங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டோம். புதிய சுருளைப் போட்டதும் முதல் படம் மலைக்கில்லை. உடன் வந்தவர் யாராயினும், வெளிச்சம் எப்படியிருப்பினும், அவருக்கே. ஒருமுறை உடன் வந்தவர் யாருமில்லாததால், பூம்பாறையில் பூண்டு காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம் கேட்டு எடுத்து, பிரிண்ட் போட்டு அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அடுத்த குறிஞ்சி 2030இல். தங்கை மகனுக்கு அப்போது இருபத்து நான்கு வயதாகியிருக்கும். காமிராவைத் தூக்கி வரும் வேலை அவனுடையது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். கைப்பேசியையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம்.