மேப்பில் இல்லாத புதுக்கொட்டாய்

1/ பாம்புக்கடியில் ஆரம்பித்து மேப்பில் முடியும் ஒரு இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

2/ மலையடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலை பார்த்த காலம். ராத்திரி 2 மணி. எங்க செவிலியர் அக்கா போனுக்கு ஒரு அப்பா கூப்பிட்டார். "பாப்பாவ ஏதோ கடிச்சிருக்குங்க. கண்ணத் தொறக்க மாட்டேங்குது." தரையில் படுத்திருந்த 9 வயசுப் பொண்ணு. வீக்கம் இல்லை, வலி இல்லை, இமை மட்டும் தொங்குது. கட்டுவிரியனாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

3/ கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும். முதலில் இமை, அப்புறம் தொண்டை, கடைசியில் மூச்சுத் தசைகள். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். 108-க்கு ஏற்கெனவே சொல்லியாச்சு, வண்டியும் கிளம்பியாச்சு.

4/ ஆனால் வண்டி போய் நின்றது வேற ஊரில். எங்க பகுதியில் புதுக்கொட்டாய் என்ற பெயரில் 2 குக்கிராமங்கள். மேப்பில் இருந்தது ஒன்றுதான். டிரைவர் அண்ணன் அதை நம்பிப் போனார், அவரைக் குறை சொல்ல முடியாது. அப்பா போனில் வழி சொல்றார்: "புளியமரம் தாண்டி மண்ரோடு, கோயில் மேட்டுல ஏறுங்க." இருட்டில் எந்தப் புளியமரம்? எனக்கும் தெரியலை. அந்த ஊர் ஆட்களுக்கு 6 மாசமா வைத்தியம் பார்த்தவன், ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

5/ 40 நிமிஷம் தாமதம். வந்தபோது மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றி, குழாய் போட்டு, ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே மருத்துவக் கல்லூரி வரை நானே கூடப் போனேன். பல நாள் வென்டிலேட்டர். பிழைத்துவிட்டாள். அந்த 40 நிமிஷம் மட்டும் என்னை இன்னும் விடலை.

6/ டாக்டர்களுக்கும் மேப்புக்கும் பழைய உறவு உண்டு. 1854, லண்டனில் காலரா. ஜான் ஸ்நோ இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பைச் சுற்றியே சாவு. பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. முதலில் ஸ்நோவை நம்பாத உள்ளூர் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், பிறகு வீடு வீடாய் விசாரித்து அவர் சொன்னது சரி என்று உறுதி செய்தார். தெருவை அறிந்த ஆள் அங்கேயும் தேவைப்பட்டார்.

7/ 2010 ஜனவரி, ஹைட்டி பூகம்பம். தலைநகரின் பல தெருக்கள் இணைய மேப்பில் இல்லை. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருக்களை வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

8/ நாங்களும் அதையே செய்தோம். அடுத்த ஞாயிறு செவிலியர் அக்கா, ஊர்ப் பசங்க 3 பேர், நான். மண்ரோடு, கோயில், தண்ணித் தொட்டி எல்லாம் குறித்தோம். ஒரு பாட்டி சொன்னார்: "மழ பேஞ்சா இந்த ஓடையில வண்டி எறங்காது சாமி." எந்தச் செயற்கைக்கோளுக்கும் இது தெரியாது. ஊர்ப் பெயரும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. பெரியவங்க எப்பவும் 'மேல் புதுக்கொட்டாய்' என்றுதான் சொல்வாங்களாம். யாரும் எழுதி வைக்கலை, அவ்வளவுதான்.

9/ உங்க ஊருக்கு நீங்களே செய்யலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு இலவசம். படத்தைப் பார்த்து ரோட்டை வரையணும், ஊர்ப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். கூகுள் மேப்ஸிலும் விடுபட்ட இடத்தைச் சேர்க்கச் சொல்லலாம். ஆம்புலன்ஸ் எந்த மேப்பைப் பார்க்குமோ, 2 இடத்திலும் சேர்த்துடுங்க.

10/ மூணு எச்சரிக்கை. ஒரு மேப்பிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி அடிக்காதீங்க, காப்புரிமைச் சிக்கல். யார் வீடு, யாருக்கு என்ன நோய் என்றெல்லாம் குறிக்கவே கூடாது. தெரியாததை ஊகிச்சுப் போடாதீங்க, தப்பான ரோடு இல்லாத ரோட்டைவிட ஆபத்து.

11/ மேப் மட்டும் உயிரைக் காப்பாத்தாது. அவசரத்துக்கு 108-ஐக் கூப்பிட்டதும் ஒரு ஆளை டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு அனுப்புங்க. டிரைவர் கூப்பிட்டால் வாட்ஸ்அப்பில் லொகேஷன் போடுங்க.

12/ இப்போ போனை எடுத்து உங்க ஊரைத் தேடிப் பாருங்க. உங்க தெரு இருக்கா? இல்லைன்னா, அதைச் சேர்க்க உங்களைவிடத் தகுதியான ஆள் வேற யாரும் இல்லை.