விண்ணப்பமும் தகுதியும்

விண்ணப்பம் என்னுஞ் சொல் நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கிவருவது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 48 பேரை நியமித்தமை பற்றிக் கூறும் கல்வெட்டு, அவர்தம் பணியைத் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தல் என்றே குறிக்கின்றது. இறைவன் முன்னும் அரசன் முன்னும் பணிந்து நின்று எடுத்துரைப்பது விண்ணப்பமாயிற்று. இன்று கச்சேரியிலும் வங்கியிலும் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திலும் நாம் நிரப்பும் படிவங்களுக்கும் அதுவே பெயர். கேட்பவர் கீழும் கொடுப்பவர் மேலும் நிற்கும் பழைய அமைவு இப்படிவங்களின் கட்டங்களுக்குள்ளும் தொடர்கின்றது. சமூகப்பணியில் முதுமாணிப் பட்டம் பயில விரும்பி விண்ணப்பிக்கும் ஒருவர் இதனை ஏனையோரிலும் கூர்மையாக உணர நேர்கின்றது. ஏனெனில், அவர் நாளை அதே படிவத்தின் மறுபக்கத்தில் அமரப்போகிறவர்.

அவ்வாறு உணர நேர்ந்தவர்களுள் ஒருத்தி, கலைப்பீடத்தில் சமூகவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்று இறுதியாண்டை முடிக்கும் நிலையிலிருந்த ஒரு மாணவி. வன்னியின் கிராமமொன்றைச் சேர்ந்தவள். 2009 இல் அவளுக்கு ஒன்பது வயது. அவ்வாண்டில் அவளுடைய தமையன் காணாமற்போனான். இன்றுவரை அவனைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. பட்டப்படிப்பு முடிந்ததும் ஆசிரியத் தொழிலுக்கோ அரசாங்க உத்தியோகத்துக்கோ போவாள் என்று வீட்டார் எண்ணியிருக்க, அவள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் சமூகப்பணி முதுமாணிக் கற்கைக்கு விண்ணப்பிக்கத் துணிந்தாள்.

அவ்விண்ணப்பம் வேண்டிநின்றவை பல. பரீட்சைப் பெறுபேறுகள், ஆங்கிலத் தேர்ச்சிக்கான சான்று, மூவரின் சிபாரிசுக் கடிதங்கள், தன்விபரக் கோவை, படிப்புச் செலவுக்குப் பணமுண்டு என்பதற்கான ஆதாரம் என்பன ஒருபுறம். இவற்றைத் தேடிச் சேர்ப்பது அலைச்சல் தருவதாயினும் செய்து முடிக்கக் கூடியதே. மறுபுறம் இருந்தது நோக்கக் கூற்று எனப்படும் கட்டுரை. சமூகப்பணியை ஏன் தேர்ந்தீர்? உமது வாழ்வின் எந்த அனுபவம் உம்மை இத்துறைக்கு இட்டுவந்தது? இவற்றுக்கு இரண்டு மூன்று பக்கங்களில் விடை எழுதவேண்டும். மூன்று வாரங்களாக அவள் மேசையில் அந்தத் தாள் வெறுமையாகவே கிடந்தது.

அவளுக்கு முன்னர் இவ்வழியாற் சென்ற மூத்த மாணவர் ஒருவர் நல்லெண்ணத்துடனேயே ஆலோசனை கூறினார். "அண்ணாவைப் பற்றி எழுதும். முகாமைப் பற்றி எழும்பத்தக்கதாக எழுதும். மற்றவையிட்டை இல்லாதது உம்மட்டை இருக்கிறது அதுதான்" என்றார். அவர் கூறியதில் உண்மையில்லை என்று சொல்லிவிட முடியாது. நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் படிக்கும் தேர்வுக்குழுவினரின் கண்ணை நிறுத்தும் ஆற்றல் துயரத்துக்கு உண்டு. ஆயினும் "உம்மட்டை இருக்கிறது" என்ற அந்தச் சொற்கள் அவள் நெஞ்சில் தைத்தன. தமையன் இல்லாமற் போனமை எவ்வாறு ஒரு கையிருப்பாக மாறிற்று என்பதே அவளை உறுத்திய கேள்வி.

இக்கேள்வியை அவளுடைய தனிப்பட்ட மனத்தடையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. சமூகப்பணி என்னும் துறையின் பிறப்போடு அது தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இயங்கிய தரும ஒழுங்கமைப்புச் சங்கங்கள், உதவி கேட்டு வந்தோரின் வீடுகளுக்குத் தம் அன்பர்களை அனுப்பி விசாரித்தன. வறுமைக்குக் காரணம் குடியா, சோம்பலா, நோயா என்று ஆராய்ந்து, உதவிக்குத் தகுதியுடைய ஏழை, தகுதியற்ற ஏழை எனப் பிரிப்பது அவ்விசாரணையின் நோக்கங்களுள் ஒன்று. இவ்வாறு விசாரிப்போருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று 1897 இல் மேரி ரிச்மண்ட் வலியுறுத்தினார். அதற்கடுத்த ஆண்டில், 1898 இல், நியூயோர்க்கில் ஆறு வாரக் கோடைகால வகுப்பொன்று தொடங்கிற்று. பின்னாளில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக வளர்ந்தது அதுவே. 1915 இல் ஏபிரகாம் ஃபிளெக்ஸ்னர், சமூகப்பணி முழுமையான ஒரு தொழிற்றுறை ஆகுமா என வினாவெழுப்பி ஐயந்தெரிவித்தார். 1917 இல் ரிச்மண்டின் 'சமூக நோயறிதல்' என்னும் நூல் வெளிவந்தது. ஒருவருடைய நிலையைச் சான்றுகள் கொண்டு அறிந்து பதிவுசெய்யும் முறையை அந்நூல் வகுத்தது.

இதனோடு உடன்வளர்ந்த வேறொரு மரபும் உண்டு. 1889 இல் ஜேன் அடம்ஸ் தம் தோழி எலன் கேற்ஸ் ஸ்ராருடன் சிக்காகோவின் ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் ஹல் இல்லத்தை நிறுவி, அம்மக்களின் அயலவராகவே வாழலானார். விசாரிக்கச் சென்று திரும்புவதற்கும் அயலில் வாழ்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சமூகப்பணித் துறையுள் இன்றும் தீராத வழக்காகவே இருந்துவருகின்றது. அம்மாணவி இவ்வரலாற்றை நூலகத்திற் படித்தபோது, தன் முன்னுள்ள தாள் முதலாவது மரபின் வழிவந்தது என்பதைக் கண்டுகொண்டாள். உதவி கேட்டு வந்த ஏழை தன் துயரத்தைக் காட்டித் தகுதியை நிறுவவேண்டியிருந்தது போல, அவ்வேழைக்கு உதவக் கற்க விரும்பும் தானும் துயரத்தைக் காட்டித் தகுதியை நிறுவவேண்டியிருக்கின்றதே என எண்ணினாள்.

எனினும், தேர்வுக்குழுவின் பக்கத்திலுள்ள நியாயத்தையும் நோக்குதல் வேண்டும். இத்துறைக்கு வருவோரிற் பலர் தாம் பட்ட காயத்தின் வழியாகவே வருகின்றனர். காயம் ஆறாத நிலையில் மற்றவரின் துன்பத்தைக் கேட்கப் புகுபவர், கேட்பதை விடுத்துத் தம் கதையையே மீண்டும் மீண்டும் வாழ நேரிடலாம். பீலிக்ஸ் பீஸ்ரெக் 1957 இல் வெளியிட்ட நூலில் வகுத்த ஏழு கோட்பாடுகளுள், கட்டுப்படுத்தப்பட்ட உணர்வீடுபாடு என்பதும் ஒன்றாகும். மற்றவரின் துயரை உணரவேண்டும். அதில் அமிழ்ந்துபோதலும் ஆகாது. தன் வாழ்வைப் பற்றி நிதானத்துடன் எழுத ஒருவருக்கு இயலுமா என்று பார்ப்பதற்கு அக்கட்டுரை ஓரளவு உதவும். பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் ஆய்வுகளைப் படித்தவர்கள், நம் மண்ணில் அத்தகைய காயம் தனியொருவருடையது மாத்திரமன்று, சமூகம் முழுவதற்கும் உரியது என்பதை அறிவர். ஆகவே, கேள்வி கேட்கப்படுவதைப் பிழை என்று கூறுவதற்கில்லை. விடையாக எதனைக் கொடுப்பது, அதனைக் கொடுக்கும் உரிமை யாருக்குண்டு என்பதே ஆராயவேண்டியதாகும்.

இவ்விடத்திற்றான் பீஸ்ரெக் கூறிய வேறிரு கோட்பாடுகள் அவளுக்குத் துணைசெய்தன. ஒன்று, இரகசியம் பேணுதல். மற்றையது, தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் ஒருவரின் உரிமை. தமையனின் கதை அவளுடையது மட்டுமன்று. அது முதலில் அவனுடையது. அவன் இல்லாதவிடத்துத் தாயினுடையது. பரீட்சைக்காக இக்கோட்பாடுகளை மனனஞ் செய்திருந்த அவள், விடுமுறையில் வீடு சென்றபோது தாயிடம் அனுமதி கேட்டாள்.

"அண்ணாவைப் பற்றி எழுதட்டோ அம்மா?"

"ஆருக்குப் பிள்ளை?"

"அமெரிக்காவிலை ஒரு யூனிவர்சிற்றிக்கு."

"அவையள் அவனைத் தேடித் தருவினமோ?"

"இல்லை அம்மா. எனக்குப் படிக்க இடம் தருவினம்."

தாய் அடுப்பிலிருந்த பானையை இறக்கிவைத்தாள். சிறிது நேரம் கழித்தே பேசினாள். "நான் அவன்ரை கதையை எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன். வாற ஒவ்வொருத்தரும் முதலிலையிருந்து சொல்லுங்கோ எண்டுதான் கேட்டவை. ஒவ்வொருமுறையும் அவனைத் தாங்கோ எண்டு கேக்கிறதுக்காகத்தான் சொன்னனான். வேறை ஒண்டுக்கும் சொல்லேல்லை. நீ எழுதுறதெண்டால் எழுது. ஆனால் நாளைக்கு அவன் வந்து அதை வாசிச்சாலும் வெக்கப்படாத மாதிரி எழுது."

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அக்கிராமத்துக்கு வந்த படிவங்களுக்கு அளவில்லை. காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகள், வீட்டுத்திட்டத்துக்கான விண்ணப்பங்கள், வாழ்வாதார உதவிக்கான விபரத் திரட்டுகள், தொண்டு நிறுவனங்களின் கருத்துக்கணிப்புகள் எனப் பலவாறாக அவை வந்தன. எழுத்தறிவு குறைந்த பெண்கள் பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அவற்றை நிரப்புவித்தனர். அம்மாணவி பதின்மூன்றாம் வயதிலிருந்து அவ்வேலையைச் செய்துவந்தாள். ஒரே பெண்ணுக்கு ஒரே துயரத்தை ஐந்து படிவங்களில் ஐந்து விதமாக எழுதினாள். ஒரு படிவம் கணவன் காணாமற்போன நாளைக் கேட்டது. மற்றொன்று அவன் இறந்தமைக்கான சான்றிதழைக் கேட்டது. சான்றிதழ் பெற்றால் தேடுவதை விட்டுவிட்டதாகும். பெறாவிட்டால் உதவி கிடைக்காது. அக்கட்டத்தை வெறுமையாக விடும்படி ஒரு பெண் கூறியதையும், வெறுமையாக விட்டதனாற் படிவம் திரும்பி வந்ததையும் அவள் மறக்கவில்லை.

வீட்டிலிருந்து திரும்பிய பின் அவள் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதாகவே அமைந்தது. தமையனைப் பற்றி அதில் மூன்று வாக்கியங்கள் மட்டுமே இருந்தன: 2009 இல் காணாமற்போனான், தாய் இன்றும் தேடுகிறாள், இதனை எழுதத் தாயின் சம்மதம் பெறப்பட்டது. எஞ்சியவை படிவங்களைப் பற்றியவை. துன்புற்றவர் தம் துன்பத்தை எத்தனை முறை, எவரிடம், என்ன பயன் கருதிச் சொல்லவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கத்தக்க ஓர் ஒழுங்கு அமையக் கூடுமா? நிர்வாகத்துக்கு வேண்டிய விபரத்தைப் பெறுவதோடு சொல்பவரின் மானத்தையும் காக்கும் விசாரணை முறை ஒன்று உண்டா? இவற்றைக் கற்கவே வர விரும்புவதாக அவள் எழுதினாள். மூத்த மாணவர் அதைப் படித்துவிட்டு, "நல்லாயிருக்கு, ஆனால் ஆக்களை உலுக்காது" என்றார். அவள் மாற்றவில்லை.

சிபாரிசுக் கடிதம் எழுத இசைந்த விரிவுரையாளர் ஒருவர், பெறுபேற்றுப் பத்திரத்திற் காணமுடியாத மூன்று விடயங்களைக் கூறுமாறு கேட்டார். படிவம் எழுதிய கதையை அவள் தயக்கத்துடன் சொன்னபோது, பத்தாண்டுக்கு மேற்பட்ட களப்பணியை ஏன் தன்விபரக் கோவையிற் சேர்க்கவில்லை என்று அவர் வினவினார். சம்பளமோ சான்றிதழோ இல்லாத வேலையைக் களப்பணி என்று கருதலாம் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. நம் கிராமத்துப் பிள்ளைகள் பலரின் நிலை இதுவே.

பணம் பற்றிய பிரச்சினை எழுத்தினால் தீரக்கூடியதன்று. அமெரிக்காவில் இக்கற்கையை முழுநேரமாகப் பயில்வோருக்குப் பொதுவாக இரண்டாண்டுகள் செல்லும். சமூகப்பணியில் இளமாணிப் பட்டம் உடையவர் காலத்தைக் குறைத்துக்கொள்ள வாய்ப்புண்டு; சமூகவியற் பட்டதாரிக்கு அது இல்லை. அங்கீகாரம் பெற்ற முதுமாணிக் கற்கை ஒவ்வொன்றிலும் குறைந்தது 900 மணித்தியாலக் களப்பயிற்சி கட்டாயமாகும். வாரத்துக்கு 16 மணித்தியாலம் என்று கொண்டாலும் அது 56 வாரங்களுக்கு மேற்படும். அப்பயிற்சிக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. ஏழைகளுக்காக உழைக்கப் பயிற்றும் கல்வியை ஏழைகளின் பிள்ளைகள் எட்ட முடியாதிருப்பது அத்துறையினரே ஒப்புக்கொண்டு விவாதிக்கும் குறைபாடு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் டொலரின் விலையை அறிந்த எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, அவள் உள்நாட்டிலும் வழி தேடினாள். ஆசியாவில் இக்கல்வி புதியதன்று. பம்பாயில் 1936 இல் தொடங்கிய சேர் டொராப்ஜி ராற்றா பட்டதாரிப் பள்ளியே பின்னர் ராற்றா சமூக விஞ்ஞான நிறுவகம் ஆயிற்று. இலங்கையில் 1952 இல் சமூகப்பணிக் கல்வி ஆரம்பமாயிற்று. 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைந்தது. அங்கு 2005 இல் இளமாணிக் கற்கையும் 2008 இல் முதுமாணிக் கற்கையும் தொடங்கின. சுனாமியும் போரும் பயிற்சி பெற்ற ஊழியரின் தேவையை நாட்டுக்கு உணர்த்திய காலம் அது. அங்கும் விண்ணப்பிக்க அவள் தீர்மானித்துள்ளாள். வெளிநாட்டுக்குப் போகாதவர் தோற்றவர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால், இம்முடிவை அவள் பலருக்குச் சொல்லவில்லை.

கடல்கடந்து சென்ற விண்ணப்பத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. அவள் சனிக்கிழமைகளில் ஊரிலிருந்தால் சனசமூக நிலையத்தில் அமர்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள். முன்னர் வந்தவரிடம் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டுவிட்டு நடந்ததைச் சொல்லும்படி பணிப்பாள். இப்போது படிவத்தை முதலில் முழுவதும் வாசித்துக் காட்டுகிறாள். எந்தக் கேள்விக்கு விடை கட்டாயம், எதற்கு இல்லை என்று விளக்குகிறாள். பின்னர், "உங்களுக்கு எவ்வளவு சொல்ல விருப்பமோ அவ்வளவைச் சொல்லுங்கோ, அம்மா" என்கிறாள். இவ்வாறு செய்வதால் ஒரு படிவத்துக்கு அரைமணி நேரம் கூடுதலாகச் செல்கின்றது. வெளியே வரிசையில் நிற்கும் பெண்கள் அதுபற்றிக் குறைகூறவில்லை.